தலைக்கட்டு

நோட்டீஸ் மஞ்சள் தாளில் வந்தது.
எங்கள் குழாயில் வருகிறதே, ஏறக்குறைய அந்த மஞ்சள்.
ஓனர் நாகபூஷணம் அதை மாடிப்படிக்குக் கீழே
மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்
சோற்றுப் பருக்கையால் ஒட்டினார்.
குடிநீர்க் கட்டணம் இவ்வளவு.
கழிவுநீர்க் கட்டணம் இவ்வளவு.
இந்த அரையாண்டு முதல்.

கொடுங்கையூரில் எங்கள் வீட்டுக்கு ஐந்து வாசல்.
ஏறினதை அஞ்சாப் பிரிச்சா முடிஞ்சுபோச்சு என்றார்.
முடியவில்லை.
"நானும் எங்கம்மாவும் ரெண்டே பேரு,
எதிர்ல ஏழு பேரு குளிக்கிறாங்கோ.
தலைக்கு இவ்ளோன்னு போடு"
என்றாள் மூன்றாம் வாசல் ஷகிலா.

தலையை எண்ண ஆரம்பித்தோம்.
அதில்தான் ராத்திரி பத்தரை ஆனது.

காசிமேட்டில் விசைப்படகு ஏறும் தசரதன்
மாதத்தில் பதினெட்டு நாள் கரையில் இல்லை.
"நான் கடல்லயே போய்க்கிறேன்பா,
அதுக்கு இன்னா பில்லு?"
அவரை அரைத் தலைக்கு முடித்தோம்.
ஸ்டான்லியில் நைட் ட்யூட்டி பார்க்கும் எஸ்தர்
குளியலை அங்கேயே முடித்துக்கொண்டு வருகிறவள்.
அவளும் அரை.
பிறந்து பத்தொன்பது நாளான பிள்ளைக்கு
இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.
துணி மட்டும் நாளைக்கு முப்பது.
முழுத் தலை என்றார் நாகபூஷணம்.
பிள்ளையின் அப்பா சட்டைக் கையை மடித்தார்.
கால் என்று முடிந்தது.

எழுதியது நான்.
இந்த வீட்டில் பி.காம். முடித்தவள் என்பதால்
பேனா எப்போதும் என் கைக்கு வந்துவிடும்.
என் வாசலில் நான் ஒருத்தி.
ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.
அதற்கு யாரும் பேரம் பேசவில்லை.

மொத்தம் பதினாறே கால் தலை.
வகுத்தால் மீதி வந்துகொண்டே இருந்தது.

"உள்ள வர்றதுக்கும் துட்டு
வெளிய போறதுக்கும் துட்டு.
போறது எங்க போவுது?"
எதிர்வீட்டுப் பையன் கேட்டான்.
யாரும் வாய் திறக்கவில்லை.
காற்று திரும்பும் நாளில் அவனுக்கே தெரியும்.
பாதி ஊர் இழுத்துவிட்ட தண்ணீர்
எங்கள் தெருவுக்கு அடியில்தான் போகிறது
சத்தமில்லாமல், அட்வான்ஸ் இல்லாமல்,
ஒரு மாத வாடகைகூடத் தராமல்.
அங்கே போய் நோட்டீஸ் ஒட்ட
எங்களிடம் பருக்கை இல்லை.

கணக்கை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று
லைட்டை அணைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டே முக்காலுக்கு அடிபம்பு இருமியது.
குடங்கள் முன்னமே வரிசையில் இருந்தன.
தலையை எண்ணினோமே, குடத்தை யாரும் எண்ணவில்லை.
அரைத் தலை தசரதன் முழு உடம்பையும் போட்டு அடித்தார்.
எட்டு அடிக்கு ஒரு வாய்.
ட்யூட்டியில் இருக்கிற எஸ்தரின் பச்சைக் குடத்தைத்
தன் குடத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள் ஷகிலா,
ஏதோ முணுமுணுத்துக்கொண்டே.

முதல் குடம் சாக்கடைக்கு.
அது எப்போதும் அப்படித்தான்.
எங்கிருந்து கலந்ததோ அங்கேயே
திரும்பப் போய்ச் சேர்ந்தது.
வந்ததற்கு ஒரு கட்டணம், போனதற்கு ஒரு கட்டணம்,
நடுவில் ஒருத்தர் கைகூட நனையவில்லை.
"இத யாரு கணக்குல எழுதறது?" என்று கேட்டேன்.
"எல்லாத்தையும் எங்க தலைல கட்டறாங்கோ இல்ல,
இதையும் கட்டு" என்றார் தசரதன், மூச்சு வாங்க.

இரண்டாவது குடமும் சாக்கடைக்கு.

மூன்றாவது குடத்தில் நாகபூஷணம்
டார்ச் அடித்துப் பார்த்தார்.
லுங்கியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார், மோந்தார்.
இன்னொரு தரம் மோந்தார்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் அம்மா,
பம்புக் கைப்பிடியை விடாமல் தசரதன்,
பேனா இல்லாத நான்,
எல்லோரும் அவர் மூக்கையே
பார்த்துக்கொண்டு நின்றோம்.